அடுப்பேற்றாத இனிப்புக்கள்

இனிப்புப் பண்டம் என்றவுடன் எண்ணெய்ச் சட்டியும் சர்க்கரைப் பாகும் நெய் மணமுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அடுப்பில் ஏற்றாமலே ஆக்கப்படும் இனிப்புக்களும் தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவுடன் வெல்லம் சேர்த்துப் பிசையும் மாவிளக்கு, இராம நவமியன்று வழங்கப்பெறும் பானகம், வளைகாப்பின்போது அளிக்கப்படும் காப்பரிசி, கண்ணன் பிறந்த நாளன்று படைக்கப்படும் வெல்ல அவல், முருகன் கோயில்களின் தேனும் தினைமாவும் ஆகிய யாவும் இவ்வகையைச் சார்ந்தவையே.

இத்தகைய பண்டங்கள் இன்று புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு தழுவி நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. அவற்றின்படி நம் நாட்டில் நீரிழிவு நோயாளர் தொகை ஏறத்தாழ 10 கோடி ஆகும். சர்க்கரையையும் நெய்யையும் குறைத்துப் பழம், பருப்பு, தேங்காய் ஆகியவற்றைக் கொண்டே இனிப்புச் செய்துகொள்ள வேண்டும் என்னும் ஆர்வம் குடும்பங்களில் பெருகி வருவது இயல்பே. ஆனால் நெருப்பு உணவைப் பக்குவப்படுத்துவதோடு நில்லாமல் நோய்க் கிருமிகளையும் அழிக்கிறது. அதனை விலக்கும்போது அது செய்துவந்த காவலை வேறு வழியால் ஈடு செய்தல் வேண்டும். இல்லையேல் ஒரு நோயைத் தவிர்க்கப் புகுந்து மற்றொன்றை வரவழைத்துக் கொள்வதாகவே முடியும்.

மும்பை மாநகரத்துத் தமிழர் வாழும் பகுதிகளில் இவ்விஷயத்தை ஆராய்வது பயன் தரும். மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் குளிர்ப்பெட்டியும் மின் அரைப்பானும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. தாராவியிலோ ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்வதும், குழாய்த் தண்ணீர் நாளில் சில மணி நேரமே கிடைப்பதும், அதனைப் பீப்பாய்களில் சேமித்து வைப்பதும் வழக்கமாக உள்ளன. ஒரே செய்முறை இவ்விரு நிலைகளுக்கும் பொருந்தாது. ஆதலின் செய்முறையைக் காட்டிலும் அதன் அடிப்படையை அறிந்துகொள்வதே முதன்மையானது.

இனிப்பும் காப்பும்

பழைய இனிப்புக்களில் வெல்லமும் சர்க்கரையும் மிகுதியாகச் சேர்க்கப்பட்டதற்குச் சுவை மட்டும் காரணம் அன்று. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நீர் இன்றியமையாதது. உணவில் உள்ள நீர் அனைத்தும் அவற்றுக்குப் பயன்படுவதில்லை. கட்டுண்டு கிடக்காத நீரே பயன்படும். சர்க்கரை மிகுதியாகச் சேரும்போது நீரின் பெரும்பகுதியை அது தன்பால் கட்டி வைத்துக் கொள்கிறது. மேலும், நுண்ணுயிரின் உடலிலிருந்தும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. இதனால் கிருமிகள் பெருக இயலாமற் போகின்றன. ஊறுகாயில் உப்புச் செய்யும் வேலையை இனிப்பில் சர்க்கரை செய்கிறது எனலாம்.

பழனிப் பஞ்சாமிர்தம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இப்பிரசாதம் வாழைப்பழம், வெல்லம், பசு நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டது. பேரீச்சம்பழமும் கற்கண்டும் இவற்றுடன் சேர்க்கப்படுகின்றன. இதற்குரிய விருப்பாச்சி வாழைப்பழமும் 2008ஆம் ஆண்டிலேயே இக்குறியீட்டைப் பெற்றது. இதன் தயாரிப்பில் ஒரு துளி நீரும் சேர்க்கப்படுவதில்லை. வாழைப்பழம் மட்டும் பிசைந்து வைத்தால் ஒரே நாளில் புளித்துவிடும். வெல்லமும் தேனும் நிறைந்த பஞ்சாமிர்தமோ பல நாள் கெடாதிருக்கிறது. அடியார்கள் அதனைத் தொலைவிலுள்ள ஊர்களுக்குக் கொண்டுசெல்ல இயல்வது இதனாலேயே.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது. இனிப்பைக் குறைத்தால் காப்பும் குறையும். உடல் நலம் கருதி வெல்லத்தைப் பாதியாக்கிச் செய்த பண்டத்தை, பழைய பண்டத்தைப்போல் மூன்று நாள் வைத்து உண்ணலாகாது. சர்க்கரை குறைந்த பச்சை இனிப்பு சிறிதளவே செய்யப்பட வேண்டும்; செய்த உடனேயே உண்ணப்பட வேண்டும்.

நீரைக் குறைப்பது காப்பிற்கு மற்றொரு வழியாகும். மும்பைக்கு வடக்கிலுள்ள வசை வட்டாரத்தில் ராஜேளி என்னும் வாழைப்பழத்தைத் தோலுரித்துப் பல நாள் வெயிலில் உலர்த்திச் சுகேளி என்னும் இனிப்பு ஆக்கப்படுகிறது. வாழைப்பழத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே ஆகும். அதன் பெரும்பகுதி வெயிலில் நீங்கிவிடப் பழத்தின் சொந்தச் சர்க்கரையே செறிந்து காப்பாக அமைகிறது. வெளியிலிருந்து ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் இதே காரணத்தால்தான் கெடாதிருக்கின்றன.

‘பச்சை’ என்பதன் பொருள்

சமைக்காத உணவே உயர்ந்தது என்னும் கொள்கை புதியதன்று. காந்தியடிகள் 1929ஆம் ஆண்டில் முளைகட்டிய கோதுமை, அரைத்த வாதுமை, கீரை, பழம், தேன் ஆகியவற்றைச் சமைக்காமல் உண்டு சோதனை செய்தார். அதைப் பற்றித் தம் இதழிலும் எழுதினார். சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு நோயுற்று அச்சோதனையை நிறுத்த நேர்ந்தது. பச்சை உணவு எல்லா உடலுக்கும் எல்லா நிலையிலும் பொருந்தும் என்று கருதலாகாது என்பதற்கு இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

அன்றியும், நாம் ‘பச்சை’ என்று கருதும் பொருள்களுட் பல முன்னரே நெருப்பைக் கண்டவை. கரும்புச் சாற்றைக் காய்ச்சியே வெல்லம் எடுக்கப்படுகிறது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்தே அவல் ஆக்கப்படுகிறது. ஆதலால்தான் அதனை நனைத்த மாத்திரத்தில் உண்ண முடிகிறது. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் உள்ளது. அதனைச் சுட்டோ ஆவியில் வேகவைத்தோ உடைத்தபின்னரே பருப்பு கடைக்கு வருகிறது. இவற்றை உபயோகிப்பதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் அடுப்பேற்றாது செய்யும் பண்டத்திற்கு இவ்வாறு முன்னரே பக்குவம் பெற்ற பொருள்களே பாதுகாப்பானவை.

மாறாக, வேகாத அரிசி மாவும் கோதுமை மாவும் எளிதில் ஜீரணமாவதில்லை. வயலிலும் களத்திலும் ஆலையிலும் படிந்த கிருமிகள் மாவில் உயிருடன் இருக்கக் கூடும். மாவிளக்கு சிறிதளவு பிரசாதமாக உண்ணப்படுவதற்கே உரியது; அதனை அன்றாடச் சிற்றுண்டியாகக் கொள்வது தகாது.

சூடேற்றாமையால் உண்டாகும் நன்மையும் உண்டு. வைட்டமின் சி எனப்படும் உயிர்ச்சத்து வெப்பத்தால் எளிதில் அழிவது. நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றைப் பச்சையாகச் சேர்க்கும்போது அது பெரும்பாலும் காக்கப்படுகிறது. அதே வேளையில் உண்ணும் எள், நிலக்கடலை, பேரீச்சை முதலியவற்றின் இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கும் அது துணை செய்கிறது.

வெல்லமும் சர்க்கரையே

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ சேர்த்தால் எவ்வளவும் உண்ணலாம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே. அதிலுள்ள தாதுப் பொருள்கள் சிறிதளவே. அவையும் மாதிரிக்கு மாதிரி மாறுபடுகின்றன. தேனும் இவ்வாறே. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும் நாளைய உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதில் ஒரு பங்கு எனின் இன்னும் நலம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும்.

முழுப் பழத்தின் இனிப்பு இக்கணக்கில் சேர்வதில்லை. பழத்தின் நார்ப்பொருளும் பருமனும் மிகுதியாக உண்பதைத் தடுப்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் பேரீச்சம்பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவு சர்க்கரையே என்பதை நீரிழிவு நோயாளர் மறத்தலாகாது. தேங்காய், முந்திரி, நிலக்கடலை ஆகியவற்றிலும் கொழுப்பு மிகுதி. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரியும் ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருவன. ஆகவே ‘உடலுக்கு நல்ல இனிப்பு’ என்பது அளவோடு உண்ணும் இனிப்பே.

தண்ணீரும் தூய்மையும்

மும்பைக்குரிய குடிநீர் பாட்சா, தான்சா, வைதரணா, விகார், துளசி முதலிய நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது; சுத்திகரிக்கப்பட்டுக் குளோரின் சேர்க்கப்பட்டே குழாய்களில் விடப்படுகிறது. ஆனால் விட்டுவிட்டு நீர் வழங்கப்படும்போது குழாயில் அழுத்தம் குறைந்த நேரங்களில் விரிசல்களின் வழியே சாக்கடை நீர் உட்புகக் கூடும். வீட்டில் சேமித்து வைக்கும் பாத்திரத்திலும் கைபட்டு மாசு சேர்கிறது. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கும் காமாலையும் மாநகரத்தில் மிகுவதற்கு இவை காரணங்களாகும்.

சமைக்கும் உணவில் தண்ணீரின் குற்றம் பெரும்பாலும் கொதியில் நீங்கிவிடும். சமைக்காத உணவில் அது அப்படியே வயிற்றுக்குள் செல்லும். ஆதலின் பின்வரும் விதிகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கத் தக்கவை:

1. ஊறவைக்கவும் அரைக்கவும் கலக்கவும் கொதிக்க வைத்து ஆறிய நீரையே உபயோகிக்க வேண்டும். நீர் நன்கு கொதித்துப் பொங்கியபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். எரிபொருள் இல்லாதவிடத்துக் குளோரின் மாத்திரையை அதன் உறையிற் குறித்த அளவில் இட்டு அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும்.

2. வாழை, சப்போட்டா, மாம்பழம் முதலியவற்றைத் தோலுரிக்குமுன் கழுவ வேண்டும். தோலின்மேலுள்ள அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுசெல்லும் என்பது நினைவிற்குரியது. முன்னரே அறுத்து விற்கப்படும் பழத்தை வாங்கலாகாது.

3. கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ளவர் இப்பண்டங்களைச் செய்யவோ பரிமாறவோ கூடாது.

4. ஈரமான பண்டத்தைச் செய்த இரண்டு மணி நேரத்திற்குள் உண்ண வேண்டும். கடுங்கோடையில் ஒரு மணி நேரமே எல்லையாகும். குளிர்ப்பெட்டி உள்ள வீட்டிலும் அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவது நன்று.

முளைகட்டிய தானியங்களைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை தேவை. வித்து முளைப்பதற்கு ஏற்ற வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிகளுக்கும் ஏற்றவை. 2011ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பச்சையாக உண்ட முளைகளின் வழியே கொடிய குடற்கிருமி ஒன்று பரவி 50 பேருக்கு மேல் மாண்டனர். அங்குச் சந்தேகத்திற்குள்ளானவை வெந்தய முளைகள். வளர்ந்த நாட்டில், கண்டிப்பான சுகாதார ஏற்பாடுகளுக்கிடையே நேர்ந்தது இது. முளைப் பயற்றில் வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் குழந்தைகளுக்கு வழங்க விரும்புவோர் பயற்றை ஆவியில் வேகவைத்தே வழங்க வேண்டும்.

நான்கு செய்முறைகள்

பின்வருவனவற்றுள் முதலாவது உலர்ந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிற்கு ஏற்றது. ஏனையவை உடன் உண்பதற்குரியவை. எதிலும் பால், நெய், தேன் சேர்வதில்லை.

பேரீச்சை உருண்டை: கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 60 கிராம், வறுத்த எள் 20 கிராம், சிறிதளவு சுக்குத் தூளும் ஏலமும் எடுத்துக்கொள்க. கடலையையும் எள்ளையும் கொரகொரப்பாக இடித்தபின் பேரீச்சையைச் சேர்த்து உரலில் இடித்துப் பிசைந்தால் நீர் விடாமலே கெட்டிப்படும். இதனை 12 உருண்டைகளாக உருட்டலாம். ஒவ்வொன்றும் சுமார் 15 கிராம் எடையும், ஏறத்தாழ 6 கிராம் சர்க்கரைச் சத்தும், 60 கலோரியும் உடையதாக இருக்கும். ஈரமற்ற மூடிய பாத்திரத்தில் சில நாள் வைத்திருக்கலாம். கடலையும் எள்ளும் கடையிலேயே வறுத்தவையாகக் கிடைப்பதால் அடுப்பு மூட்டும் தேவை இல்லை.

வெல்ல அவல்: கெட்டி அவல் 50 கிராமைக் கொதித்தாறிய நீரில் அலசி வடித்துக் கால் மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அது மென்மையானதும் அப்போது துருவிய தேங்காய் 25 கிராம், பொடித்த வெல்லம் 10 கிராம், நன்கு கனிந்த ஒரு வாழைப்பழம், ஏலப்பொடி ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறுக. இது இருவருக்குப் போதுமானது. பழம் கனிந்ததாயின் வெல்லத்தை இன்னும் குறைக்கலாம். வாழைக்காயின் மாவுச்சத்து கனியும்போது சர்க்கரையாக மாறுவதே இதற்குக் காரணம். மாதுங்கா அங்காடியில் தென்னாட்டு வாழை வகைகளும் தேங்காயும் எளிதிற் கிடைக்கின்றன.

நுங்குப் பாயசம்: கோடையில் மும்பைத் தெருக்களில் ‘தாட்கோளா’ என்னும் பெயரால் விற்கப்படுவது நம் நுங்கே. ஆறு நுங்குச் சுளைகளைக் கழுவித் தோலுரித்து நறுக்குக. தேங்காய்த் துருவலைக் கொதித்தாறிய நீர் விட்டு அரைத்துப் பிழிந்த முதற்பால் ஒரு கோப்பையில், ஊறவைத்து மசித்த நான்கு பேரீச்சம்பழங்களைக் கரைத்துச் சேர்க்க. ஒரு தேக்கரண்டி திருநீற்றுப்பச்சை விதையைக் கால் மணி நேரம் ஊறவைத்து இட்டால் பாயசம் தானாகவே கெட்டிப்படும். நுங்கு கிடைக்காத காலத்தில் இளநீர் வழுக்கையைக் கொள்ளலாம். தேங்காய்ப்பால் விரைவிற் கெடுவது. ஆகவே இதனை ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்தலாகாது.

சப்போட்டாக் கூழ்: அரைப்பானும் குளிர்ப்பெட்டியும் உள்ள வீட்டிற்கு இது ஏற்றது. முந்திரிப் பருப்பு 50 கிராமைக் குளிர்ப்பெட்டியில் வைத்தே நான்கு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, கனிந்த சப்போட்டா மூன்றுடன் வெண்ணெய்போல் அரைக்க வேண்டும். பாலேடு சேர்த்ததுபோன்ற மென்மை முந்திரியின் கொழுப்பாலேயே உண்டாகிறது. சர்க்கரை தேவையே இல்லை. மும்பைக்கு வடக்கே தகாணுப் பகுதியின் கோல்வட் சப்போட்டா 2016ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நகரத்தின் சந்தைகளுக்கு அது அணிமையிலிருந்தே வருகிறது. நால்வருக்குப் பகிர்ந்து அன்றே உண்ண வேண்டும்.

கவனிக்கத் தக்கவை

நிலக்கடலையைப் பொறுக்கி எடுத்தல் மிக அவசியம். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் பிடித்தவை, கசப்பவை ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகள் மாண்டதன் காரணத்தை ஆராய்ந்தபோது, பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கிலிருந்த அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு வெளிப்பட்டது. ஈரலைத் தாக்கும் இந்நஞ்சு வறுப்பதாலும் முற்றிலும் அழிவதில்லை. மும்பையின் மழைக்கால ஈரக் காற்றில் கடலை விரைவிற் பூசணம் பிடிக்கும். ஆகையால் அம்மாதங்களில் சிறிது சிறிதாக வாங்குவதே முறை.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனை எவ்வகையிலும் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலையும் முந்திரியும் தொண்டையில் சிக்கக் கூடும். நன்கு பொடித்தே கொடுக்க வேண்டும். கடலை, எள், முந்திரி ஆகியன ஒவ்வாத பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் வழங்குமுன் பெற்றோரைக் கேட்டறிதல் நன்று. கருவுற்ற பெண்டிர், முதியோர், நோயால் மெலிந்தவர் ஆகியோர்க்கு ஈரமான பச்சைப் பண்டத்தினும் உலர்ந்த உருண்டையே ஏற்றது. நீரிழிவு உள்ளவர் இவற்றை மருத்துவர் வகுத்த உணவின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். அதற்குமேல் கூடுதலாக உண்ணலாகாது.

வகுப்பில் ஒரு சோதனை

சர்க்கரையின் காப்பாற்றலை மாணவர் தாமே காணும்படி செய்யலாம். மூன்று கண்ணாடிக் குவளைகளில் பிசைந்த வாழைப்பழம் 50 கிராம் வீதம் இடுக. முதலாவதில் வேறொன்றும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் 5 கிராம் வெல்லப் பொடியும், மூன்றாவதில் 100 கிராம் வெல்லப் பொடியும் கலக்குக. துணியால் வாய் கட்டி இரண்டு நாள் வைத்திருந்து, நிறத்தையும் மணத்தையும் நுரையையும் காலை மாலை குறித்துவரச் செய்க. முதலிரண்டும் குமிழியிட்டுப் புளிப்பு மணம் வீசும். மூன்றாவது பெரும்பாலும் மாறாதிருக்கும். சிறிது வெல்லம் இட்டதால் மட்டும் பண்டம் காக்கப்படுவதில்லை என்பது அப்போது விளங்கும். சோதனைப் பொருளை எவரும் சுவைத்தலாகாது. இச்சோதனையை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் மூன்று குவளைகளும் ஒரு தராசும் கொண்டே நடத்திவிடலாம்.

களப்பணியாளர் குடும்பங்களைச் சந்திக்கும்போது செய்முறையைக் கூறுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. வீட்டில் குடிநீர் எங்ஙனம் சேமிக்கப்படுகிறது? குளிர்ப்பெட்டி உண்டா? உண்போரில் கைக்குழந்தையோ நோயாளரோ உளரா? விடைகளுக்கேற்ப உலர்ந்த உருண்டையையோ ஈரமான பண்டத்தையோ பரிந்துரைக்கலாம். நீரின் தூய்மை ஐயத்திற்குரியதாயின் தோலுரித்து உண்ணும் முழு வாழைப்பழமே எல்லா இனிப்பினும் சிறந்தது. அதற்கு அடுப்பும் வேண்டாம், பாத்திரமும் வேண்டாம்.